சாளக்கிராமத் திருமொழியும் இமயமலை யாத்திரையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரிய திருமொழியின் முதற்பத்தைத் திருவஷ்டாக்ஷரத்தின் பெருமையோடு தொடங்கிய திருமங்கையாழ்வார், அடுத்த திருமொழியிலேயே இமயமலைக்கு எழுந்தருளிவிடுகிறார். இரண்டாம் திருமொழி திருப்பிரிதிக்கு, மூன்றும் நான்கும் வதரியாச்சிரமத்துக்கு, ஐந்தாவது சாளக்கிராமத்துக்கு. அதன் பின்னரே நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம் என்று இறங்கி வந்து திருவேங்கடத்தை அடைகிறார். சோழநாட்டுத் திருக்குறையலூரில் அவதரித்தவர் பனிமலையிலிருந்து தம் திவ்யதேச மங்களாசாஸனத்தைத் தொடங்குவது நம் சிந்தைக்கு உரியது.

இவற்றுள் ஐந்தாம் திருமொழியை இங்கு அநுபவிப்போம். அண்மைக் காலத்தில் பாகவதர்கள் பலர் கோஷ்டியாக நேபாளம் சென்று முக்திநாதத்தை ஸேவித்து வருகின்றனர். உடல்வலிமை உடையோர் சிலர் அதற்கும் மேலே தாமோதர குண்டம் வரை ஏறுகின்றனர். போகலாமா, எப்போது போவது, போக இயலாதவர் கதி என்ன என்ற கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. விடைகள் பெரும்பாலும் திருமொழியிலேயே உள்ளன.

முதலில் தலத்தைப் பற்றிச் சிறிது. ஸ்ரீமூர்த்திப் பெருமாளும் ஸ்ரீதேவி நாச்சியாரும் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராமத் திவ்யதேசமாக நம்மவர் இன்று ஸேவித்து வருவது, நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்துக்கு மேல் உள்ள முக்திநாதம். (மைசூர்ப் பக்கத்தில் வடுகநம்பியோடும் எம்பெருமானாரோடும் தொடர்புடைய சாளக்கிராமம் என்னும் ஊர் வேறு.) கோயில் சிறியது. அதன் பின்புறச் சுவரில் வளைவாக அமைந்த 108 தாரைகளில் மலைநீர் இடையறாது விழுகிறது. நூற்றெட்டுத் திருப்பதிகளை நினைந்தபடியே அவற்றின் கீழ் நடந்து நீராடுவது வழக்கம். பௌத்தர்களும் இத்தலத்தைப் போற்றுகின்றனர். பௌத்தத் துறவிப் பெண்கள் இங்கே பணிபுரிவதைக் கண்டு நம்மவர் திகைக்க வேண்டியதில்லை. கிழக்கே 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாய். பள்ளத்தாக்குக்கு அப்பால் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி. கீழே காளிகண்டகி ஓடுகிறது. அந்நதியின் கற்களிலேயே எம்பெருமான் தானாக, பிரதிஷ்டை எதிர்பாராமல், ஸந்நிதி பண்ணுகிறான்.

இத்திருமொழியின் முதல் ஒன்பது பாசுரங்களும் ஒரே கட்டளையில் முடிகின்றன: சாளக்கிராமத்தை அடைவாயாக என்பது கட்டளை. அது யாருக்கு என்பதே முக்கியம். ஆழ்வார் தம் கால்களை அழைக்கவில்லை, உடன் வரும் அடியார்களையும் அழைக்கவில்லை. தம் நெஞ்சை விளித்து அதனிடம் சொல்கிறார். திருப்பிரிதித் திருமொழியிலும் இவ்வாறே. மலைமேல் உள்ள தலங்களைப் பாடும்போது நெஞ்சையே அழைப்பது ஏன்? கால் போனால் நெஞ்சும் உடன் போகாதோ என்று கேட்கலாம். போகாது என்பதற்கு இந்தச் சாளக்கிராமத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு.

ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் இரண்டாம் அம்சத்தில் பராசர பகவான் அருளிச்செய்த பரத சக்ரவர்த்தியின் வரலாறு அது. பரதன் அரசைத் துறந்து சாளக்கிராமத்தில் வந்து வஸித்தான். அவன் வேண்டியது எம்பெருமானை மட்டுமே. நாவில் திருநாமங்களைத் தவிர வேறில்லை. ஒருநாள் நதியில் நீராடச் சென்றபோது, நிறைசூல் கொண்ட மான் ஒன்று நீர் பருக வந்தது. சிங்கத்தின் முழக்கம் கேட்டு அஞ்சித் துள்ளியதில் அதன் கரு நழுவி நீரில் விழ, தாய்மான் உயிர்விட்டது. நீரில் அடித்துச் செல்லப்பட்ட குட்டியைப் பரதன் எடுத்து வளர்த்தான். அதில் குற்றம் என்ன? இரக்கம்தானே! ஆனால், குட்டி மேயப் போனால் புலி தின்றதோ என்று ஏங்கினான். திரும்பி வந்தால் மகிழ்ந்தான். நாட்டையும் மக்களையும் விட்டு வந்தவன் ஒரு மானை விட முடியாமல் அதையே நினைந்து உடலை விட்டான். மானாகவே பிறந்தான். முற்பிறப்பின் நினைவு மட்டும் மாறாததால், அந்த மான் தாயைப் பிரிந்து மறுபடியும் சாளக்கிராமத்துக்கே வந்து, உலர்ந்த புல்லையும் சருகையும் தின்று காலம் கழித்தது. அதன் பின்னரே ஜடபரதனாகப் பிறந்து ஞானம் பெற்றான்.

பரதனின் உடல் சாளக்கிராமத்தில் பல்லாண்டு இருந்தது. நெஞ்சோ மான் சென்ற புல்வெளியில் திரிந்தது. இந்தத் தலத்தில் இந்தச் சரித்திரம் நிகழ்ந்திருக்க, ஆழ்வார் இங்கே காலை விட்டு நெஞ்சை அழைத்திருப்பது அடியேனுக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பரதனுடைய மான் இன்று நம் கையடக்கத் தொலைபேசியாக வருகிறது. நூற்றெட்டுத் தாரைகளின் கீழே தீர்த்தமாடுவோரில் எத்தனை பேர் அதைப் படமெடுக்கச் சொல்லிக்கொண்டே ஓடுகிறார்கள்! படம் எடுக்கலாகாது என்பதல்ல. ஸேவை ஆனபின் எடுக்கட்டுமே.

முதற் பாசுரத்தில் ஆழ்வார் இராமாவதாரத்தை எடுக்கிறார். மானும் யானையும் குதிரையும் திரியும் காட்டை வில்லும் அம்புமே துணையாகக் கடந்து சென்றவன், மலைகளைக் கொண்டு கடலை அடைத்து இலங்கையர்கோனை முடித்தவன், அவனுடைய இடம் இது என்கிறார். கடினமான வழியில் நடந்து வரப்போகும் நெஞ்சுக்கு, முதலில் நடந்தவன் அவனே என்று காட்டுவதாக இதை அநுபவிக்கலாம். நாம் அவனைக் காணச் சில நாள் நடக்கிறோம். அவனோ நமக்காகப் பதினான்கு ஆண்டு நடந்தவன். தோளில் பை கனக்கும்போது இப்பாசுரத்தின் பொருளை நினைப்பது நல்லது.

இங்கே ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. சாளக்கிராமக் கற்களில் காணும் சக்கரச் சுழிகள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் என்னும் பழங்கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரிகளின் படிவங்கள் என்று நிலவியலார் கூறுவர். இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது அக்கடலின் அடித்தளமே இமயமாக உயர்ந்தது. இதைக் கேட்டுச் சிலர் மனம் சுருங்குகின்றனர், தேவையில்லை. கல் எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒன்று, அதில் அவன் உகந்து எழுந்தருளியிருப்பது மற்றொன்று. முன்னதை அறிவதால் பின்னது குறைவதில்லை. மலையைக் கடலில் இட்டு அணை கட்டியவனைப் பாடிய திருமொழியின் தலத்தில், கடலே மலையாகி நிற்கிறது. இதைப் பிரமாணமாகச் சொல்லவில்லை, ரஸிப்பதற்காகச் சொன்னேன்.

இனி, எப்போது போவது என்னும் கேள்வி. இதற்கு விடை வதரித் திருமொழியில், அதாவது மூன்றாம் திருமொழியில் உள்ளது. மூப்பின் கோலத்தை இவ்வளவு விரிவாகவும் கூசாமலும் பாடிய இடம் அருளிச்செயலில் அரிது. கோலூன்றுதல், முதுகு வளைதல், கால் தள்ளாடுதல், கண் சுழலுதல், நரம்பு எழுதல், இருமுதல், பேச்சுக் குழறுதல், முன்பு விரும்பியவர்களே ஏசி விலகுதல் என்று அடுக்கி, இவை வந்து சேரும் முன்னே வதரியை வணங்குவோம் என்கிறார். நம்மாழ்வாரும் திருமாலிருஞ்சோலைக்கு இளமை கெடுமுன் செல்லச் சொன்னார். ஆயினும் நம் வழக்கம் என்ன? உத்யோகத்தில் ஓய்வு, பெண்ணுக்கு விவாஹம், பேரனுக்கு உபநயனம் எல்லாம் முடித்து, முழங்கால் தேய்ந்தபின் இமயமலைக்குப் பயணச்சீட்டு வாங்குகிறோம். ஆழ்வார் சொன்ன ‘முன்’ என்னும் சொல்லைப் ‘பின்’ என்று வாசித்தாற்போல் இருக்கிறது.

மூப்பைப் பாடும் அத்திருமொழியை மலையில் வைத்து நினைத்தால் வேறொன்றும் புலப்படும். மலையேற்றம் இளைஞனையும் சில மணி நேரத்தில் கிழவனாக்கிவிடும். முக்திநாதத்தின் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. முப்பது வயதுடையவரும் பத்துப் படி ஏறினால் கோலின்மேல் சாய்ந்து நிற்பார். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை வரும். இவ்வளவில் நின்றால் அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும்; தணியும்வரை மேலே ஏறலாகாது. ஆனால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாமல் இருமி நுரை வருவது, நேராக நடக்க முடியாமல் கால் தள்ளாடுவது, பேச்சும் நினைவும் குழம்புவது ஆகியவை தோன்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கக் கூடும். இருமல், தள்ளாட்டம், குழறல் என்று ஆழ்வார் மூப்புக்குச் சொன்ன அடையாளங்களே இங்கே ஆபத்தின் அடையாளங்களாகவும் நிற்கின்றன. அவற்றைக் கண்டால் இரவென்றும் பாராமல் உடனே கீழே இறக்க வேண்டும். காலை ஸேவை முடித்துக்கொண்டு இறங்கலாம் என்ற காத்திருப்பு உயிரைக் கொண்டுபோய்விடும்.

நம்மவர் செல்லும் வழியிலேயே இந்த ஆபத்து அடங்கியிருக்கிறது. போக்ரா நகரம் ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். அங்கிருந்து காலை விமானத்தில் ஏறினால் அரை மணிக்குள் 2,700 மீட்டர் உயரமுள்ள ஜோம்ஸோம். ஜீப்பில் மேலும் சில மணி நேரத்தில் முக்திநாதத்தின் அடிவாரம். அங்கிருந்து அரை மணி நேரம் ஏற்றம். ஒரே நாளில் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின் இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயரவேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவிதி. ஆகையால் ஜோம்ஸோமிலோ காக்பேணியிலோ இரண்டு இரவு தங்கி, முக்திநாதத்தை ஸேவித்த அன்றே கீழே இறங்கிவிடுவது நன்று. காக்பேணி நதிகள் கூடும் இடம், பித்ருகார்யத்துக்கும் பெயர்பெற்றது. தங்குவது வீணாகாது. முற்பகலுக்குப்பின் அப்பள்ளத்தாக்கில் காற்று மிகக் கடுமை. விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும், அதுவும் நிச்சயமில்லை. எனவே திரும்பும் பயணத்துக்கு ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளாதவர்கள், ஸந்நிதியில் நிற்கும்போதும் டில்லி விமானத்தையே நினைத்துக்கொண்டு நிற்பார்கள். மழைமறைவுப் பகுதியாதலால் முக்திநாதத்தில் ஆவணியிலும் மழை குறைவு. கீழ்ச் சாலைகளோ அப்போது மண்சரிவில் அடைபடும். பங்குனி முதல் வைகாசி வரையிலும், புரட்டாசி ஐப்பசியிலும் செல்வது பொருந்தும்.

குதிரை ஏற அஞ்சும் பெரியோர் உண்டு. நடந்தே ஏறினால்தான் பலன் என்று பிடிவாதம் செய்வோரும் உண்டு. ஆடல்மா என்னும் குதிரைமேல் எழுந்தருளியவர் பாடிய தலத்துக்குக் குதிரைமேல் செல்வதில் என்ன குறை?

அந்தப் பிடிவாதத்தில் ஒரு சித்தாந்தப் பிழையும் மறைந்திருக்கிறது. பிரபந்நனுக்கு எம்பெருமானே உபாயம். திவ்யதேச யாத்திரை அவன் உகந்தருளின நிலங்களைக் கண்டு பல்லாண்டு பாடும் கைங்கர்யம். அதுவே இனிய பலன். இவ்வளவு உயரம் ஏறினேன், இவ்வளவு குளிரில் மூழ்கினேன், ஆகையால் எனக்கு மோக்ஷம் உண்டு என்று எண்ணினால், கைங்கர்யம் ஸாதனமாகித் தாழ்ந்துவிடும். மேலும் இந்தச் சரீரமும் அவனுக்குச் சேஷமானது. உடையவன் பொருளை நம் வீம்புக்காகப் பாழாக்குதல் சேஷனுக்கு அழகன்று. முந்நூறு அடி தூரத்தில் கோயில் தெரிகையில் மூச்சுக் குழம்பித் திரும்ப நேர்ந்தவர், அங்கேயே விழுந்து ஸேவித்துவிட்டு இறங்கினால் அவருக்குக் குறைவொன்றும் இல்லை. நெஞ்சு அங்கே சேர்ந்தாயிற்று. ஆழ்வாரின் கட்டளையும் அதற்குத்தான்.

தீர்த்தமாடும் விஷயத்திலும் இதுவே நிலை. 108 தாரைகளின் நீர் பனியுருகி வருவது. இருதய நோய், இரத்த அழுத்தம் உடையவர்களும் முதல்நாள் தலைவலி கண்டவர்களும் சிரத்தில் ப்ரோக்ஷித்துக்கொண்டால் போதும். இயலாதவர்க்கு மந்த்ர ஸ்நாநமும் மாநஸ ஸ்நாநமும் சாஸ்த்ரத்திலேயே விதிக்கப்பட்டுள்ளன.

தளிகையைப் பற்றி நம் யாத்திரைக் குறிப்புகளில் அதிகம் எழுதக் காண்பதில்லை. உண்மையில் ஆசாரமுடையோர் அங்கே தளர்ந்து விழுவது பெரும்பாலும் பட்டினியால்தான். வெளியுணவு கொள்ளாதவர், வெங்காயம் பூண்டு நீக்குபவர், தாமே தளிகை பண்ண முற்படுவர். அவ்வுயரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்காது; 87, 88 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் பருப்பு வேக வெகுநேரம் ஆகும், வழக்கமான நேரத்தில் இறக்கினால் சாதம் நடுவில் அரிசியாக நிற்கும். சிறிய பிரஷர் குக்கர் இன்றியமையாதது. இல்லையேல் அவல், வறுத்த சத்துமாவு, புளிக்காய்ச்சல், வெல்லம், உலர்திராட்சை எடுத்துச் செல்லவேண்டும். அவல் ஊறினால் போதும். தாகம் தோன்றாவிட்டாலும் வெந்நீர் அடிக்கடி பருகவேண்டும். ஏகாதசி வந்தால் நிர்ஜலமாக இருக்க முயல வேண்டா. ஆசார்யரிடம் முன்னரே விண்ணப்பித்து நியமனம் பெற்றுச் செல்க.

தாமோதர குண்டம் இவை எல்லாவற்றிலும் வேறு வகையானது. ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தில், பனிமலைகளின் மடியில் கிடக்கும் சிறு ஏரிகள் அவை. கண்டகியின் பிறப்பிடமாகவும் சாளக்கிராம மூர்த்திகளின் மூலஸ்தானமாகவும் கொண்டாடப்படுவது. நடந்து செல்வோர் பல நாள் கூடாரத்தில் தங்கி, 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்களையும் கடக்க நேரும். அங்கே பிராணவாயு கடற்கரை அளவில் பாதிக்குச் சற்றே மேல். கிராமமோ மருத்துவரோ அருகில் இல்லை. ஹெலிகாப்டரில் சென்று சில நிமிஷங்கள் நின்று தீர்த்தம் எடுத்துத் திரும்புவோரும் உண்டு. உடல் பழகாமலே அவ்வுயரத்தில் இறங்குவதால், அந்தச் சில நிமிஷங்களும் எளிதன்று. அடியேனின் எண்ணம் இது: முக்திநாதத்தில் ஓரிரவு இடையூறின்றி உறங்கியவர், மருத்துவரின் அனுமதி பெற்றவர், வழியறிந்த துணையுடன் மட்டும் இதை நினைக்கலாம். ஆழ்வாரின் பாசுரம் பெற்ற திவ்யதேசத்தை ஸேவித்தவர்க்கு, குண்டத்தைக் காணாததால் யாத்திரை குறைபட்டதாகாது. இப்படிச் சொல்வது சிலருக்கு உவப்பாயிராது. ஆனால் ஒரு கோஷ்டியில் ஒருவர் ஏறினால் தாமும் ஏறவேண்டும் என்ற போட்டி, பாகவத கோஷ்டிக்குப் பொருந்தாது.

முக்திநாதத்தைக் கண்டு வந்தோர் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. ஒன்பதாம் பாசுரத்தில் வண்டு மொய்க்கும் சோலையும், கயல் பாயும் வயலும், தாமரையும் உள்ளன. பத்தாம் பாசுரத்தின் வயலில் நீர்ப்பறவைகள் உலவுகின்றன. நாங்கள் கண்டதோ சாம்பல்நிற வறண்ட மலை, வயல் எங்கே? இதைக்கொண்டு தலம் கீழே சமவெளியில் இருந்திருக்கவேண்டும் என்று வாதிக்கவும் இடமுண்டு. பெரியோர் ஸேவித்து வரும் இடத்தை அதற்காக மாற்ற அடியேன் துணியேன். சற்றுக் கூர்ந்து பார்த்தால், அந்த வறண்ட மலையில் கோயிலைச் சுற்றி மட்டும் மரங்கள் அடர்ந்திருப்பதும், கீழே ஜார்கோட் போன்ற ஊர்களில் மலைநீர் பாய்ந்து வாற்கோதுமை வயல்கள் பசுமையாக விரிவதும் தெரியும். நீர் சூழ்ந்து அழகாயிருப்பதென்று ஆழ்வார் மீண்டும் மீண்டும் சொல்வதை, சுற்றிலும் நீரற்ற அந்த நிலத்தில் நின்றால்தான் நன்கு உணரலாகும். கயலுக்கும் தாமரைக்கும் என் செய்வது? எம்பெருமான் இருக்கும் இடமெல்லாம் தம் ஆலிநாட்டு வயலாகவே தோன்றும் கண் அவருடையது என்று கொள்வேன்.

கடைசியாக, போக இயலாதவர். நோயாளிகள், கைக்குழந்தை உடையவர்கள், வயோதிகரை விட்டுப் பிரிய முடியாதவர்கள், பொருள் இல்லாதவர்கள், காலம் கடந்தபின் இத்திருமொழியைக் கற்றவர்கள். பத்தாம் பாசுரமாகிய பலச்ருதியை இவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்பது பாசுரங்களில் அடை, அடை என்று நெஞ்சை முடுக்கிய ஆழ்வார், பலன் சொல்லுமிடத்தில் சாளக்கிராமம் சென்றவர்க்கு இது பலன் என்று அருளவில்லை. விண்ணுலகு ஆள விரும்பும் அறிவுடையோர் அவனுடைய ஆயிரம் திருநாமங்களை ஓதுங்கள், அது அன்றேல் இப்பாசுரங்களையாவது வாயில் வந்தபடி பிதற்றுங்கள் என்கிறார். சுத்தமாக ஓதவேண்டும் என்றுகூட வற்புறுத்தவில்லை. பிதற்றினால் போதுமாம். கட்டிலில் கிடப்பவர்க்கும் இது கூடும்.

அன்றியும், நாம் ஏறாவிட்டால் அவன் இறங்கி வருகிறான். அந்த உயரத்துப் பாறையிலிருந்து பிரிந்து, கண்டகியின் வெள்ளத்தில் உருண்டு, தேய்ந்து, யாரோ ஒரு பெரியவர் கையில் அகப்பட்டு, தலைமுறை தலைமுறையாக நம் அகத்துக் கோயிலாழ்வாரில் வந்து அமர்ந்திருக்கிறான். ஜோம்ஸோம் கடைகளில் அடுக்கி வைத்த கற்களைப் பேரம் பேசி வாங்கி வருவதைக் காட்டிலும் (சாளக்கிராம மூர்த்தியை விலைபேசலாகாது என்பது பெரியோர் கொள்கை, போலிக் கற்களும் மலிந்துவிட்டன), முன்னோர் ஆராதித்து இப்போது பெட்டியில் உறங்கும் மூர்த்திகளுக்குத் திருமஞ்ஜனம் கண்டருளப்பண்ணுவது எத்தனையோ மேல். கோஷ்டியார் முக்திநாதத்தில் ஸேவிக்கும் நாளைக் கேட்டறிந்து, அன்று காலை அகத்தில் உள்ளவர்கள் தம் சாளக்கிராம மூர்த்தியின் முன்னே இப்பத்துப் பாசுரங்களையும் ஸேவிக்கலாம். நேபாளத்தில் மணி, பாரத நேரத்தினும் பதினைந்து நிமிஷம் முன்னே ஓடுகிறது, அதையும் கணக்கிட்டுக்கொள்க.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.